முதியோர் இல்லச் செலவு யார் தலையில்?



முதியோர் இல்லம் என்றதும் நம் மேடைகளில் பேச்சு பாசத்தின் பக்கம் போய்விடும். இல்லங்கள் பெருகக் காரணம் பிள்ளைகளா, மருமகள்களா, காலமா என்று பட்டிமன்றங்கள் பல ஆண்டுகளாக வழக்காடி வருகின்றன. நான் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தணிக்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சிறிய இல்லத்தின் வரவு செலவைப் பார்த்துக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தப் பேரேட்டைப் புரட்டப் புரட்ட ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு முதியவரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு, நாம் கட்டும் கட்டணத்தைவிட அதிகம். மீதியை மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பவர் அங்கே வேலை பார்க்கும் ஆயா. தன் சம்பளத்திலும், தூக்கத்திலும், தன்னுடைய முதுமைக்கென்று சேர்த்திருக்க வேண்டிய பணத்திலும் அவர் கட்டுகிறார். அதைத்தான் இன்று உங்கள் முன் விரித்துச் சொல்லப் போகிறேன்.

ஆதரவற்றவரை வைத்துக் காப்பது நமக்குப் புதிதில்லை. ராயபுரத்து மணியகாரர் சத்திரம், ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782இல், கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம். அதன் பக்கத்தில் வளர்ந்த மருத்துவமனையைத்தான் வட சென்னை மக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றார்கள். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை அந்த வழியில் வந்தது. சத்திரம் முதியோர் இல்லமாக நீடித்தது. நம் காலத்தில், 1978இல், சாவித்திரி வைத்தி சென்னையில் விச்ராந்தியைத் தொடங்கினார். கையில் காசில்லாத முதிய பெண்களுக்கான இல்லம் அது. இவையெல்லாம் பசித்தவருக்குச் சோறும் ஒதுங்க இடமும் தர எழுந்தவை. சோற்றுக்கும் இடத்துக்கும் நம் ஊரில் தர்மம் கிடைக்காமல் போனதில்லை.

இன்றைக்கு இல்லத்துக்கு வருபவரின் தேவை வேறாகிவிட்டது. பக்கவாதம் வந்தவர் பிழைத்துக்கொள்கிறார். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. ஞாபக மறதி நோயோடு பத்து ஆண்டுகள் வாழ்கிறார்கள். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்த மறதி நோய் இருக்கும் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவம் உயிரை மீட்டுத் தந்துவிட்டது. மீட்ட உயிரைத் தினமும் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும்.

ஒரு சாப்பாட்டு வேளையைச் சொல்கிறேன். பக்கவாதத்தால் விழுங்கும் சக்தி குறைந்த ஒரு பெரியவர். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து நிமிர்த்த வேண்டும். ரசம் சாதத்தைப் பருக்கை தெரியாமல் மசித்துக்கொள்ள வேண்டும். முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி அரைக் கரண்டி கொடுக்க வேண்டும். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சாதம் ஒதுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்த அரைக் கரண்டி. அவசரப்பட்டால் புரையேறும், உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. ஒரு கிண்ணம் சாதம் இறங்க முப்பது நாற்பது நிமிடம் ஆகும். அந்த அறையில் இன்னும் நான்கு பேர் காத்திருப்பார்கள். ஒரே ஒரு ஆயா இருக்கும் இடத்தில் என்ன நடக்கும்? வாயால் சாப்பிடக்கூடிய ஒருவருக்கும் மூக்குக்குழாய் போட்டுவிடுவார்கள். ஊட்டுவதற்கு ஆள் இல்லை என்பதற்காகப் போட்ட குழாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டோடு முடிவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். இரவிலும் அதே கணக்குதான். டயப்பர் மாற்றுவது, துடைப்பது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, நள்ளிரவில் எழுந்து ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு’ என்று கதவைத் தட்டும் மறதிக்காரரைச் சமாதானப்படுத்திப் படுக்கவைப்பது. இதில் எதையும் இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியாது.

இனி அந்தக் கைகளுக்கு என்ன விலை என்று பார்ப்போம். படுத்த படுக்கையாக இருக்கும் ஐந்து பேருக்கு, இரவும் பகலும் ஒரு ஆள் என்று வைத்துக்கொள்வோம். தாராளமான ஏற்பாடு இல்லை இது, குறைந்தபட்சம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் ஆளுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்பது நம் தொழிற்சட்டங்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் வரம்பு. 168ஐ 48ஆல் வகுத்தால் மூன்றரை. பண்டிகை விடுப்பு, காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு என்று சேர்த்தால் நான்கு பேர் வேண்டும். தலைக்கு 15,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி பங்கு, நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம்; ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம். ஒருவருக்கு 17,400 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நான்கு பேருக்கு ஏறத்தாழ 70,000. ஐந்து முதியவர்களுக்குப் பிரித்தால் தலைக்கு 14,000 ரூபாய். சோறு, மருந்து, டயப்பர், வாடகை, மின்சாரம், டாக்டர், நர்ஸ் எதுவும் இன்னும் சேரவில்லை.

நடைமுறையில் பல இடங்களில் இதே வேலையை இரண்டே பேர் பார்க்கிறார்கள். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை ஒருவர், மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை மற்றவர். வார விடுமுறை இல்லை. வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. அதே 15,000 ரூபாய் சம்பளம் என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 30,000. தலைக்கு 6,000.

இரண்டுக்கும் இடையில் ஒரு முதியவருக்கு மாதம் 8,000 ரூபாய் வித்தியாசம். எந்த ரசீதிலும் எழுதப்படாமல் ஆயாவிடமிருந்து வசூலாகும் தொகை இது. ‘பரவாயில்லை, இந்த இல்லத்தில் கட்டணம் நியாயமாக இருக்கிறது’ என்று நாம் நிம்மதியாகச் சொல்லும்போது, அந்த நியாயத்துக்கான பணம் அவர் மடியிலிருந்து போகிறது. இல்லம் நடத்துபவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், கொள்ளையடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நேர்மையாக நடத்துகிறவர்களும் இதே இரண்டு பேர் கணக்கில்தான் நிற்கிறார்கள். நான் கணக்குப் பார்க்கும் இல்லத்திலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுதான். நான்கு பேர் கணக்குக்கு மாறினால் கட்டணத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் அங்கே இருப்பவர்களில் பாதிப் பேரால் இருக்க முடியாது.

இருபதுக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு வைப்பு நிதிச் சட்டம் கட்டாயமில்லை. நம் சிறு இல்லங்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழே. எங்கள் நைட் டியூட்டி அம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. கணவர் இல்லை. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறார். அவர் புரட்டிப் படுக்கவைப்பவர்களில் ஒருவர் அவரைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். இவருக்கு இடுப்பு விழுந்தால் எந்த இல்லத்தில் யார் பணம் கட்டிச் சேர்ப்பார்கள்?

முன்பு வீட்டில் பார்த்துக்கொண்டபோது இந்தச் செலவெல்லாம் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். இருந்தது. மருமகளோ, கல்யாணமாகாத மகளோ, விதவைத் தங்கையோ அந்த 168 மணி நேரத்தையும் சம்பளமில்லாமல் பார்த்தார்கள். அவர்கள் படிப்பை விட்டதும் வேலையை விட்டதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இன்று அந்தப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். குடும்பத்தில் பிள்ளைகளும் குறைவு. தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.8 என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பிள்ளைகளைத் திட்டுவதால் ஆள்கள் கூடப் போவதில்லை. பிள்ளையே இல்லாதவர்களுக்கு அந்தத் திட்டில் பதிலும் கிடையாது.

சரி, கட்டணத்தை யாரால் கட்ட முடியும்? தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011இல் 1,000 ஆகவும், 2023இல் 1,200 ஆகவும் உயர்ந்தது. இதில் மத்திய அரசின் பங்கு, 79 வயது வரை 200 ரூபாய், 80க்குப் பிறகு 500. தனியார் தொழிற்சாலையில் உழைத்தவருக்கு வைப்பு நிதித் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள். நாம் கணக்கிட்ட 14,000 ரூபாயின் பக்கத்தில் இந்தத் தொகைகளை எழுதிப் பாருங்கள்.

வசதியானவர் என்று நாம் நினைப்பவரையும் பார்ப்போம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மாதத்துக்கு 20,500 ரூபாய். வாழ்நாள் முழுதும் சிக்கனமாக இருந்து சேர்த்த பணம் அது. எழுபது வயதில் 20,000 ரூபாய்க் கட்டணத்தில் ஓர் இல்லத்தில் சேர்கிறார், சமாளித்துவிடுகிறார். கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் எண்பது வயதில் அது 43,000 ரூபாயைத் தொடும். வட்டி அதே இடத்தில்தான் நிற்கும். அவர் படுக்கையில் விழுவதும் அந்த எண்பதில்தான்.

இதற்குள் இன்னொரு சங்கதி இருக்கிறது. சேரும்போது பெரும்பாலான இல்லங்கள் போடும் நிபந்தனை, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது. கோயம்புத்தூரைச் சுற்றி எழுந்திருக்கும் மூத்தோர் குடியிருப்புகளிலும் சரி, சென்னைப் புறநகர் விடுதிகளிலும் சரி, விளம்பரத்தில் போடும் கட்டணம் நடமாடுகிறவருக்கானது. விழுந்த பிறகு ‘நீங்களே ஒரு அட்டெண்டர் வைத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். ஏஜென்சி மூலம் வரும் ஆளுக்குத் தனிச் சம்பளம், அவருக்குச் சாப்பாட்டுக் காசு, அறைக்குக் கூடுதல் கட்டணம். கட்டிய டெபாசிட்டில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் கழிவு என்று பத்திரத்தின் ஏழாவது பக்கத்தில் இருந்ததும் அப்போதுதான் தெரியவரும். படுக்கையில் விழுந்தால் மாதம் எவ்வளவு ஆகும் என்று சேரும் நாளிலேயே எழுதிக் கேட்டு வாங்குங்கள். பெற்றோருக்காக இல்லம் தேடும் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மிக இக்கட்டான நிலை நடுவில் இருப்பவர்களுக்கு. இலவச இல்லத்துக்குப் போனால் ‘உங்களுக்குப் பென்ஷன் வருகிறதே, மகன் இருக்கிறாரே’ என்று திருப்பி அனுப்புவார்கள். கட்டண இல்லத்துக்கு அந்தப் பென்ஷன் பத்தாது. ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, சிறு கடை நடத்தியவர், கோயில் உத்தியோகத்தில் இருந்தவர், தனியார் பள்ளி ஆசிரியை. தமிழ்நாட்டின் நடுத்தர வர்க்கம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இவர்கள்தான்.

சட்டம் என்ன தருகிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடமிருந்து தீர்ப்பாயம் வாங்கித் தரக்கூடிய ஜீவனாம்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் என்று அப்போது உச்சவரம்பு வைத்தார்கள். அதை நீக்க 2019 டிசம்பரில் மக்களவையில் வந்த திருத்த மசோதா சட்டமாகவில்லை. மாவட்டந்தோறும் 150 பேருக்காவது இடமுள்ள இல்லம் ஒன்றை மாநில அரசு அமைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் இல்லங்களுக்கு மாதம் 25,000 ரூபாய்க் கட்டணம் வரை ஜி.எஸ்.டி. இல்லை என்று 2018இல் விலக்கு தந்தார்கள். கட்டணம் அதைத் தாண்டுவது முழுப் பராமரிப்பு தேவைப்படுகிறவருக்குத்தான். அவருக்கு அந்த விலக்கு இல்லை.

காப்பீடும் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. எழுபது வயதைக் கடந்த எல்லோருக்கும் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்று 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரித்தார்கள். நல்ல காரியம். இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கு ஆபரேஷன் செலவு கிடைக்கும். டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு ஆறு மாதமோ ஆறு ஆண்டோ அவரைத் தூக்கி நடக்கவைக்கும் ஆளின் சம்பளத்துக்கு அதில் ஒரு பைசாவும் கிடைக்காது. தையல் பிரித்தவுடன் நோய் தீர்ந்துவிட்டது என்று திட்டம் நினைக்கிறது.

தர்மத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்; ஏனென்றால் நான் நிற்கும் மேடையே ஒரு அறக்கட்டளையின் மேடை. எங்கள் இல்லத்துக்கு மகாளய அமாவாசையன்று சாப்பாடு போட எத்தனை பேர் போன் செய்வார்கள் தெரியுமா? தேதி இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். பிறந்த நாள், திருமண நாள், திதி என்று வடை பாயசத்தோடு வருவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அத்தனை இனிப்பை என்ன செய்வது என்று சமையற்காரர் திகைப்பார். தீபாவளிக்குப் புடவைகள் அடுக்கடுக்காய்க் குவியும். படுக்கையில் இருப்பவர்களுக்குத் தேவை முன்பக்கம் திறக்கும் நைட்டி. கொடுப்பவர்களின் மனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘என் தாயார் நினைவாக ஒரு மாத நைட் டியூட்டி சம்பளம்’ என்று எழுதி வந்த காசோலையை நான் இதுவரை கண்டதில்லை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் அப்படித்தான். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் முதியோர் இல்லம் அமைப்பதற்கு இடம் உண்டு. லிஃப்டும் வேனும் சோலார் வாட்டர் ஹீட்டரும் கிடைக்கின்றன, பெயர்ப் பலகையோடு. சம்பளத்தின் மேல் பலகை மாட்ட முடியாது என்பதால் சம்பளத்துக்குக் கொடையாளர் கிடைப்பதில்லை. இங்கே இருக்கும் வசதி படைத்தவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்: அடுத்த திதிக்கு ஒரு ஆயாவின் வைப்பு நிதிப் பங்கைக் கட்டுங்கள்.

தர்மத்தால் மட்டும் இது தீராது. இந்தச் செலவை எல்லோருமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று முடிவெடுத்த நாடுகள் உண்டு. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000 ஏப்ரலிலும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கின. ஜப்பானில் நாற்பது வயதானவுடன் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். செலவில் பயனாளி தருவதுபோக மீதியில் பாதி சந்தாவிலிருந்து, பாதி வரிப் பணத்திலிருந்து. முதியவரின் நிலையை ஏழு படிகளாகப் பிரித்து, படிக்கு ஏற்ப உதவி அளக்கிறார்கள். பயனாளி தன் வருமானத்தைப் பொறுத்து பத்திலிருந்து முப்பது சதவீதம் வரை தருகிறார். அங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2005 அக்டோபரிலிருந்து அறை வாடகையையும் சாப்பாட்டையும் தங்குபவர் தலையில் வைத்தார்கள். 65 வயதைக் கடந்தவர்களின் சராசரிச் சந்தா, தொடக்கத்தில் மாதம் 2,900 யென் அளவில் இருந்தது, இன்று 6,000 யென்னைத் தாண்டிவிட்டது. பராமரிப்பு வேலைக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். ஆனாலும் செலவு இவ்வளவு, அதை இன்னார் இன்னார் தருகிறோம் என்று ஒரு நாடே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. நம்மிடம் இல்லாதது அதுதான்.

நமக்கு நேரம் அதிகமில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10.4 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் வல்லுநர் குழு, 2031இல் இது 18.2 ஆகும் என்று கணித்திருக்கிறது.

நாளைக்கே தேசியக் காப்பீடு வந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாநிலத்தில் தொடங்கக்கூடிய ஒரு வழியைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிஸியோதெரபிஸ்டும் வலி நிவாரணச் செவிலியரும் வீடு தேடிப் போகிறார்கள். யார் எழுந்து நடக்கிறார், யார் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுகிறார் என்று அவர்களுக்குத் தெரியும். முதியவரின் நிலை எந்தப் படி என்று அவர்களே நிர்ணயிக்கட்டும். முழுக்கப் பிறரை நம்பியிருக்கும் ஒருவருக்கு மாதம் 10,000 ரூபாய் பராமரிப்பு மானியம். இல்லத்தில் படுத்திருந்தாலும் வீட்டில் படுத்திருந்தாலும் அவர் பெயருக்கே வரட்டும். வீட்டில் இருந்தால் வேலையை விட்டுப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ அது சம்பளம். இல்லத்தில் இருந்தால், எட்டு மணி நேர ஷிப்டும் வார விடுமுறையும் வைப்பு நிதியும் இருப்பதைக் காட்டும் வருகைப் பதிவேட்டை வைத்துத்தான் இல்லம் அந்தத் தொகையை வாங்க முடிய வேண்டும். படுத்த படுக்கைக்கான கட்டணத்தைச் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

மானியம் என்றதும் போலி இல்லங்கள் முளைக்கும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். இல்லங்களில் நடந்த கொடுமைகளைப் பத்திரிகைகளில் எல்லோரும் படித்திருக்கிறோம். பணம் இல்லத்தின் பெயருக்குப் போகாமல் முதியவரின் பெயருக்கு வந்தால், பிடிக்காத இல்லத்தைவிட்டு அவர் வெளியேற முடியும். செவிலியர் முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்க்கட்டும். முதுகைத் திருப்பிப் பார்த்தால் போதும், படுக்கைப் புண் எந்தத் தணிக்கை அறிக்கையையும்விடத் தெளிவாகப் பேசும்.

பணம்? ஆயிரம் பேருக்கு மாதம் 10,000 என்றால் மாதம் ஒரு கோடி, ஆண்டுக்கு 12 கோடி. ஒரு மாவட்டத்தில் மிக மோசமான நிலையில் இருக்கும் ஆயிரம் பேரோடு தொடங்கி, இரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்க்கலாம். எத்தனை பேர் மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பப் போவது குறைந்தது, எத்தனை ஆயாக்கள் அதே வேலையில் நீடித்தார்கள் என்று இந்தப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறையும் சமூகப் பணித் துறையும் எண்ணிச் சொல்லலாம். மாணவர்கள் அந்த ஆய்வுக்குப் போகும்போது முதலில் நைட் டியூட்டி நேரத்தில் போங்கள். அலுவலக அறையில் கட்டண அட்டையை வாங்குவதற்கு முன், சம்பளப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.